ஸ்ரீரங்கத்தில் காடி இல்லாத பதினோரு நாள்

முப்பத்து நான்கு வருஷம் நானே காடி ஓட்டிப் பள்ளிக்கூடம் போய் வந்தவள் நான். மலேசியாவில் நாங்கள் காரைக் காடி என்றுதான் சொல்வோம். ஆறு மாதத்துக்கு முன்னால் கிள்ளானில் ஒரு கண் டாக்டர், என் இரண்டு கண்ணிலும் நீர் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வேறொரு டாக்டர் ‘ஓட்டலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசையில்தான் திருச்சிக்குக் கிளம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்தேன். கண்ணைக் காட்டப் போகிறேன் என்பது என் மகனுக்கு மட்டும்தான் தெரியும், அவனிடமும் ‘கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாமாம்’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

எங்கள் ஊரில் காடி இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் இருப்பது ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில். அழகான வீடுகள், அதற்குப் பின்னால் வீடுகள், அதற்கும் பின்னால் வீடுகள். மளிகைக் கடை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வாசலில் நின்றால் அதன் பெயர்ப் பலகை தெரியும், ஆனால் நடந்து போக வழி கிடையாது. பஸ் மணிக்கு ஒன்று, அதுவும் வந்தால் உண்டு. போனில் டாக்ஸி கூப்பிடலாம்தான். ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்காக டாக்ஸி கூப்பிட எனக்கு மனசு வருவதில்லை. அதனால் உப்புத் தீர்ந்தால்கூட மகன் வரும் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கிறேன். அறுபத்து மூன்று வயதில், கையில் ஓய்வூதியமும் காலில் தெம்பும் இருந்தும், உப்புக்குக் காத்திருப்பது என்ன வாழ்க்கை என்று பல நாள் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் மேற்கு சித்திரை வீதியில் ஒரு மாடி அறை. தோழி ஒருத்தி முன்பு கோயிலுக்கு வந்தபோது தங்கிய இடம். கீழே வீட்டுக்காரி ரங்கநாயகி மாமி, என்னைவிட நாலைந்து வயது சின்னவர், தனியாக இருக்கிறார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்று தெரிந்ததும் “டீச்சர்” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். போய்ச் சேர்ந்த காலையிலேயே ஒரு சங்கடம். என் செல்போன் சார்ஜரின் முனை இங்கே எந்தத் துளையிலும் நுழையவில்லை. துண்டு கொண்டுவர மறந்திருந்தேன். பல் துலக்கும் பிரஷும் இல்லை.

“மாமி, கடைக்குப் போக ஆட்டோ கிடைக்குமா?” என்றேன்.

“ஆட்டோவா? எதுக்கு? வாசல்லேர்ந்து இடது கைப் பக்கம் நாலு கடை தள்ளிப் போங்கோ, எல்லாம் இருக்கு. நான் காப்பி கலக்கறேன், ஆறதுக்குள்ள வந்துடலாம்.”

நான் நம்பவில்லை. ஆனால் போனேன். எலக்ட்ரிக் கடைக்காரர் என் சார்ஜரைக் கையில் வாங்கிப் பார்த்து, நான் வாயைத் திறக்குமுன், “மலேசியாவாம்மா? இதுக்கு இந்த பின்னுதான் கரெக்டு. ஏர்போர்ட்ல எறங்குறவங்க பெருமாளைப் பாக்குறாங்களோ இல்லையோ, மொதல்ல என்னைப் பாக்க வந்துடுறாங்க” என்றார். அடுத்த கடையில் துண்டு. அதற்கு எதிரில் மருந்துக் கடை, அங்கே பிரஷ். நடுவில் காப்பிக்கொட்டை அரைக்கும் கடை ஒன்று, அந்த வாசனைக்கு இரண்டு நிமிடம் சும்மா நின்றேன். திரும்பி வந்தபோது மாமியின் டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அடேயப்பா! கிள்ளானில் இது ஒரு சனிக்கிழமை முழுக்க ஆகிற வேலை.

அதற்காக இந்த ஊர்த் தெருக்களை ஒரேயடியாகத் தூக்கி வைத்து ஆட மாட்டேன். எங்கள் தாமானில் பளபளவென்று நடைபாதை உண்டு, அதில் நடந்து போய்ச் சேர ஓர் இடம்தான் இல்லை. இங்கே போய்ச் சேர ஆயிரம் இடம் உண்டு, நடைபாதைதான் இல்லை. இருக்கிற இடத்தில் பைக் நிற்கிறது. பைக் இல்லாவிட்டால் மாடு நிற்கிறது. சாக்கடை மேல் போட்ட கல் ஒன்று ஆட, முதல் நாளே என் செருப்பு வார் அறுந்தது. ஒரு காலில் செருப்போடு நொண்டிக்கொண்டு சிடுசிடுப்போடு திரும்பினால், தெரு முனையிலேயே குடைக்கடியில் செருப்புத் தைப்பவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் கோபப்பட வழியில்லாமல் போய்விட்டது.

ஹாரன் சத்தம் இன்னொரு விஷயம். எங்கள் ஊரில் ஒருவன் ஹாரன் அடித்தால் அது சண்டைக்கு அழைப்பு. இங்கே எல்லாரும் எல்லாரையும் பார்த்து எந்நேரமும் அடிக்கிறார்கள். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டேன். இரண்டாம் நாள்தான் ஒன்று புரிந்தது. என் இரண்டு பக்கமும் எனக்கு இருட்டு. எங்கிருந்து எது வருகிறது என்று எனக்குச் சொல்வது அந்த ஹாரன் மட்டும்தான். அதற்கப்புறம் அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது.

இரண்டாம் நாள் தில்லைநகரில் கண் மருத்துவமனை. ஆட்டோவில் போனேன். இருட்டு அறையில் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நேராகப் பார்த்தபடி இருக்க வேண்டும். சின்னச் சின்ன வெளிச்சம் அங்கங்கே தோன்றும், தெரிந்தால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

இப்போது நான் சொல்லப் போவதை என் பழைய மாணவர்கள் யாரும் படிக்காமல் இருக்க வேண்டும். வெளிச்சம் ஒன்று வந்தது, அமுக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்றால் வந்துகொண்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று அர்த்தம். சரி, உத்தேசமாக அமுக்கி வைப்போம் என்று ஒரு தாளக்கட்டோடு அமுக்கிக்கொண்டே போனேன். ஐந்து நிமிடத்தில் பரிசோதனை செய்யும் பெண் இயந்திரத்தை நிறுத்தினாள்.

“அம்மா, லைட்டே வரலை, நீங்க பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கீங்க.”

“வந்த மாதிரி இருந்துச்சும்மா.”

“மிஷின் எல்லாத்தையும் குறிச்சு வச்சுக்கும்மா. இது செல்லாது. அடுத்த வியாழக்கிழமை வாங்க, டாக்டரும் அன்னிக்குத்தான் இருப்பாங்க. நல்லாத் தூங்கிட்டு வாங்க.”

காப்பியடித்த பிள்ளைகள் எத்தனை பேரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்! கையும் களவுமாகப் பிடிபட்டு, என் பேத்தி வயசுப் பெண் முன்னால் அசடு வழிய நின்றேன். அவள் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆக, கையில் ஒரு வாரம். வேறு வேலை இல்லாததால் நடந்தேன். ஸ்ரீரங்கத்தின் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகப் போகின்றன. உத்திர வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி அடையவளஞ்சான் வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு உண்டு. இதில் வழி கேட்டால் இந்த ஊர்க்காரர்கள் இடது வலது என்று சொல்வதில்லை. “வடக்க போயி கெழக்க திரும்புங்க” என்கிறார்கள். வடக்கு எங்கே என்று தெரிந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்! மாமியோ ஒரு படி மேலே போய், “தாயார் சன்னதியைச் சேவிச்சுண்டே போங்கோ, வந்துடும்” என்பார். தையற்கடையைத் தேடி நான் மூன்று தடவை சுற்றியிருக்கிறேன். ஆனாலும் பயம் வரவில்லை. எத்தனை தப்பாகத் திரும்பினாலும் சுற்றிச் சுற்றி மாமி வீட்டு வாசலில்தான் கொண்டுவந்து விடுகிறது. கூடவே வழியில் ஒரு வேலை முடிந்துவிடுகிறது. ஒரு நாள் வழி தப்பிப் போனதில் மூக்குக் கண்ணாடியின் தளர்ந்த திருகை ஒரு வாட்ச் கடைக்காரர் முடுக்கிக் கொடுத்தார். இன்னொரு நாள் பாங்கைக் கண்டுபிடித்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறல் என்று பெயர். “பசியாறிட்டு வரேன் மாமி” என்று நான் சொன்னதும் அவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய், அன்றிலிருந்து தினமும் மாடிப்படியில் நின்று, “டீச்சர், பசியாறியாச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார். அவர் வீட்டில் ரசத்துக்குச் சாத்தமுது என்று பெயர். நானும் அதைக் கற்றுக்கொண்டேன். தெற்கு வாசல் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் வெண்பொங்கல். முழு மிளகு, நெய், மேலே வறுத்த முந்திரி. அதைச் சாப்பிட நான் யாருடைய சனிக்கிழமைக்கும் காத்திருக்கவில்லை. நாலரை நிமிட நடை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆமாம், ஒரே நாளில்.

மாமிதான் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைக் காட்டிக் கொடுத்தார். ஸ்ரீரங்கத்தையும் சத்திரம் பேருந்து நிலையத்தையும் இணைக்கிற வண்டி. முதல் தடவை மாமி கூடவே வந்தார். அரசுப் பேருந்தில் நான் பணத்தை நீட்டியதும் கண்டக்டர் வாங்கவில்லை.

“லேடீஸுக்கு ஃப்ரீம்மா.”

“நான் மலேசியாங்க” என்றேன், நேர்மையாக.

“அதனால என்ன? மலேசியா லேடீஸும் லேடீஸ்தானே?” என்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஜன்னல் வழியே காவிரி மணலும் நடுவில் கொஞ்சம் தண்ணீருமாகக் கிடந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு மகனையோ டாக்ஸிக்காரரையோ கூப்பிடாமல் ஓர் ஊரைக் கடந்து போகிறேன் என்று நினைத்தபோது நெஞ்சு லேசானது.

அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது. எட்டாம் நாள், வியாழக்கிழமைக்கு முந்தின நாள், மகனுக்குச் சட்டைத்துணி வாங்கத் தனியாகச் சின்னக்கடை வீதிக்குப் போனேன். வாங்கினேன். திரும்பும்போது சத்திரத்தில் ஒரே கூட்டம். அங்கே ஒரு பழக்கம் உண்டு. யார் யாருக்கு எந்த பஸ் என்று நிற்பவர்களே ஒருவருக்கொருவர் கேட்டு வைத்துக்கொண்டு, வண்டி வந்ததும் “உங்க பஸ் வந்துடுச்சுங்க” என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் கூடையோடு நின்ற அம்மாள் என்னிடமும் கேட்டாள், “எங்க போவணும்? எந்த நம்பருங்க?”

“எனக்குத் தெரியும்” என்றேன், வெடுக்கென்று. போர்டைப் படிக்கத் தெரியாதவள் என்றா நினைத்தாள்? முப்பத்து நான்கு வருஷம் ரோட்டுப் பலகை படித்தே ஓட்டியவளாயிற்றே. வந்த வண்டியின் பலகையில் எழுத்து மின்னிக்கொண்டே ஓடியது, நான் பிடிப்பதற்குள் ஓரத்து இருட்டில் மறைந்தது. நான் அதைப் படித்த மாதிரி ஒரு பாவனை செய்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

தனியார் பஸ், உள்ளே பாட்டு அலறியது. கண்டக்டர் எங்கோ முன்னால் இருந்தார். திருச்சியில் அதற்கொரு வழி இருக்கிறது. பணத்தை முன் சீட்டுக்காரரிடம் கொடுத்தால் அவர் அதற்கு முன்னால் கொடுப்பார், கை மாறிப் போய் டிக்கெட்டாகத் திரும்பி வரும். “ஸ்ரீரங்கம் ஒன்னுங்க” என்று கொடுத்தேன். பணம் போனது. சற்று நேரத்தில் அதே பணம் கை மாறிக் கை மாறித் திரும்பி வந்தது. கூடவே ஒரு சேதியும் வந்தது. ஒவ்வொருவரும் பின்னால் திரும்பி அடுத்தவரிடம் சொல்ல, கடைசியில் எனக்கு முன்னால் இருந்த காலேஜ் பெண் சொன்னாள்: “ஆன்ட்டி, இந்த பஸ் ஸ்ரீரங்கம் போகாதாம். துவாக்குடி போகுதாம்.”

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வந்திருக்க வேண்டிய காவிரிப் பாலம் வரவேயில்லை. பெரிய சாலை, லாரிகள், பட்டறைகள். சட்டைத்துணிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும், காதில் நோட்டுச் சுருள் மாதிரி மடித்த துண்டுக் காகிதம்.

“என்னம்மா, போர்டு பாக்கலையா?”

“பார்த்தேனே.”

“பாத்துமா ஸ்ரீரங்கம்னு ஏறுனீங்க? கண்ணு தெரியலைன்னா யாரையாச்சும் கேட்டு ஏற வேண்டியதுதானம்மா.”

“கண்ணெல்லாம் எனக்கு நல்லாத்தான் தெரியுது!” என்று கத்தினேன். வகுப்பறையில் கத்துகிற குரல். பாட்டையும் மீறிக் கேட்டிருக்கும். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அந்த மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. என் முகத்துக்கு நேரே குனிந்து, பாட்டுக்கு மேலே கேட்கும்படி, “சரிம்மா, சரி. பயப்படாதீங்க. திருவெறும்பூர்ல எதிர் வண்டி நிக்கும், ஏத்தி விடுறேன்” என்றார். அப்புறம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். காசை அவர் வாங்கவில்லை.

திருவெறும்பூரில் வண்டியை நிறுத்தி, முழங்கையைப் பிடித்து இறக்கி, எதிர் வரிசையில் நின்ற இன்னொரு பஸ்ஸுக்குக் கூட்டிப் போனார். அவர் பஸ் விசில் இல்லாமல் நகராது, அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அங்கே இருந்த கண்டக்டரிடம், “அண்ணே, இந்தம்மா ஸ்ரீரங்கம். கண்ணு சரியாத் தெரியலை. சத்திரத்துல ஒன்னாம் நம்பர்ல மாத்தி விட்ருங்க” என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ‘யார் சொன்னது உன்னிடம்?’ என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

இரண்டாவது கண்டக்டர் என்னை டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார வைத்தார். சத்திரம் வந்ததும் தன் வண்டியை விட்டு இறங்கி, நகர ஆரம்பித்திருந்த ஒன்றாம் நம்பர் பஸ்ஸைக் கையால் தட்டி நிறுத்தினார். “தம்பி! ஒரு பாசஞ்சர் இருக்காங்க, கண்ணு கொஞ்சம் மட்டு. பாத்து எறக்கி விடு.” மூன்றாவது கண்டக்டர், “வாங்கம்மா, வாங்க, யாராச்சும் எந்திரிச்சு எடம் குடுங்க, அம்மாவுக்குக் கண்ணு தெரியாது” என்று பஸ் பூராவுக்கும் அறிவிப்புக் கொடுத்தார். மூன்று வண்டி, மூன்று கண்டக்டர், அத்தனை பயணிகள். கிள்ளானில் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் ஆறு மாதம் நான் பொத்தி வைத்தது, ஒரு மணி நேரத்தில் திருச்சி முழுக்கத் தெரிந்துவிட்டது. டிக்கெட் காசை மாதிரி என்னைக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்பியிருந்தார்கள்.

பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள், “கண்ணுல என்னக்கா?”

எங்கள் ஊரில் இப்படி யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது மரியாதை இல்லை. எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் கத்துவதற்கு என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

“ரெண்டு பக்கமும் இருட்டா இருக்கும்மா. நேராப் பார்த்தா மட்டும்தான் தெரியும்” என்றேன். ஒரு மனிதப் பிறவியிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் கண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

அவள் பதறவில்லை. பூவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “அழுவாதீங்க. நீங்க பாட்டுக்கு நேராப் பாத்து நடங்க. பக்கவாட்டுல வர்றவன் பாத்து வரட்டும், அவனுக்கென்ன கேடு?”

அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன். இறங்கும்போது ஒரு முழம் மல்லிகையைக் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. பஸ்ஸில்தான் போனேன். சத்திரத்தில் இறங்கியதும் நின்றிருந்த ஒரு பையனிடம், “எனக்கு போர்டு தெரியாது தம்பி, தில்லைநகர் வண்டி வந்தா சொல்றியா?” என்று கேட்டேன். அவ்வளவுதான், வேலை முடிந்தது. இதைக் கேட்க எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது!

இருட்டு அறையில் அதே பெண், அதே கிண்ணம். இந்தத் தடவை தெரிந்தபோது மட்டும் அமுக்கினேன். தெரியாதபோது கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அத்தனை நீளமான சும்மாவை நான் பார்த்ததில்லை. முடிந்ததும் அந்தப் பெண், “இன்னிக்கு ரொம்ப கரெக்டா பண்ணீங்கம்மா” என்றாள். எனக்கு அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

டாக்டர் இளம் வயதுப் பெண். தாளை என் பக்கம் திருப்பி வைத்துக் காட்டினார். நடுவில் வெள்ளை, சுற்றிக் கறுப்பு. “இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம்மா. சொட்டு மருந்து ஒரு நாள் விடக் கூடாது. ஆனா கார் ஓட்டறது முடியாது.”

“எங்க ஊருக்குள்ள மட்டுங்க. கடை வரைக்கும். மெதுவாத்தான் போவேன்.” கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். “டீச்சரா இருந்தேன்னு சொன்னீங்க. தெருவுல ஒரு பிள்ளை பந்து பொறுக்க ஓரத்துலேர்ந்து ஓடி வருதுன்னு வச்சுக்குங்க. அது உங்களுக்குத் தெரியாதும்மா. மோதினதுக்கு அப்புறம்தான் தெரியும்.”

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று நன்றாக அழுதேன். மணப்பாறை முறுக்கு விற்கிற ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “எந்த வண்டிங்க?” என்று கேட்டார். சொன்னேன். வந்தபோது ஏற்றிவிட்டார். ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி வந்து மாமியிடம் கொடுத்தேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். மாமி பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். பிறகு, “இங்கேயே இருந்துடுங்கோளேன் டீச்சர். மாடி காலியாத்தானே இருக்கு” என்றார். ஆசையாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் மகன் கிள்ளானில் இருக்கிறான். என் சிநேகிதிகள் அங்கே, என் வீட்டுக்காரரைத் தகனம் செய்த ஊர் அது. எனக்கு வேண்டியது ஸ்ரீரங்கம் இல்லை, வாசலில் இறங்கினால் உப்புக் கிடைக்கிற ஒரு வீடு என்று விடியும்போது தெளிவானது.

விமான நிலையத்துக்கு மகன் வந்திருந்தான். “டாக்டர் என்னம்மா சொன்னாங்க?” என்றான். “மருந்து மாத்திக் குடுத்திருக்காங்க” என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் பூக்காரியிடம் சொல்ல முடிந்தது. பெற்ற பிள்ளையிடம் வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அவனைக் கிள்ளான் ரயில் நிலையத்துப் பக்கம் ஓட்டச் சொன்னேன். பழைய கடைவீதி. கீழே மளிகைக் கடை, அடுத்து மருந்துக் கடை, எதிரே சாப்பாட்டுக் கடை, முனையில் பஸ் நிற்கிறது. அந்தக் கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு வீடு விற்பனைக்கு இருந்தது. பழைய கட்டடம், சுவரில் ஈரம். படியேறி உள்ளே போனதும் மகன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தான். அப்பா கட்டிய வீட்டை விற்றுவிட்டு இதற்கா என்று அவன் கேட்கவில்லை, முகத்தில் எழுதியிருந்தது.

“மா, நல்லா யோசிச்சீங்களா? இங்க காடி நிறுத்த எடமே இல்லலா.”

“எனக்கு எதுக்கு ஐயா காடி நிறுத்த எடம்?” என்றேன்.

அவன் மெல்லத் திரும்பினான். அவன் கண் கலங்கியதை, எனக்கு நேர் எதிரே நின்றதால், நன்றாகவே பார்த்தேன்.